சமாதானம் சிஸ்டரின் பரீட்சை

ஆண்கள் அறுவைசிகிச்சை வார்டில் பெற்றவர்கள் வைத்த பெயரால் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. சமாதானம் சிஸ்டர் என்றால்தான் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் அழுகிறவர், அடம் பிடிக்கிறவர், ட்ரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர் என்று யார் தகராறு செய்தாலும், ‘சமாதானத்தைக் கூப்பிடு’ என்பார்கள். அவள் வந்து கட்டில் ஓரத்தில் நிற்பாள். தோளில் கை வைப்பாள். “ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?” என்பாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கம்மென்று படுத்துவிடுவார். டாக்டர்கள் அதை மந்திரம் என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் நினைப்பு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாளே தவிர, அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அப்படிப்பட்டவளுக்கு இங்கிலீஷ் பேச்சு மட்டும் வராது. படிப்பாள், எழுதுவாள், மருந்துப் பெயர்களை மளமளவென்று ஒப்பிப்பாள். பேசு என்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு நோயாளிகள் வர ஆரம்பித்த பிறகு அது பெரிய தலைவலியாகிவிட்டது. புண்ணைத் துடைத்தது அவளாக இருக்கும், ராத்திரியெல்லாம் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டதும் அவளாக இருக்கும். ஆனால் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்ததும் மேட்ரன் அவள் முழங்கையைத் தொட்டு, “நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க சிஸ்டர், சின்னவ பேசட்டும்” என்பார். சின்னவள் என்பவள் அவளிடமே ஊசி போடப் பழகிய நர்ஸ். மேட்ரன் கெட்டவர் இல்லை, அவருக்கு வேலை நடக்க வேண்டும். ஆனால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நிற்கும்போது மானம் போகிற மாதிரி இருக்கும் என்பதும் உண்மைதானே.

மேல் மாடியில் புதிய பிரிவு ஒன்று திறக்கப் போவதாகவும், அதற்கு ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் வேண்டும் என்றும் தாள் ஒட்டினார்கள். அனுபவம் வேண்டும், வெளியிலிருந்து ஆள் வந்து நடத்தும் இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும், இரண்டு தடவைக்கு மேல் உட்கார விட மாட்டார்கள். அனுபவத்தில் அவளை அடித்துக்கொள்ள அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. இங்கிலீஷையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று பெயர் கொடுத்தாள். பதவி மேல் ஆசைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அதைவிடப் பெரிய ஆசை, இனி ஒருவர் கையும் தன் முழங்கையைத் தொட்டுப் பின்னால் தள்ளக் கூடாது என்பது.

அதற்கு ஒரு வீடியோப் பாடத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவள் சின்னவள். நர்ஸ்களுக்கென்றே இங்கிலீஷ் சொல்லித் தரும் ஒரு பெண்மணி. எந்த நாட்டுக்காரி என்று ஒருவருக்கும் தெரியாது. எப்போது பார்த்தாலும் பச்சைச் சட்டை போட்டிருந்ததால் பச்சைச் சட்டை டீச்சர் ஆகிவிட்டார். மதியம் டியூட்டி ரூமில் கிட்னி ட்ரே என்கிற வளைந்த தட்டைக் கவிழ்த்து அதில் போனைச் சாய்த்து வைப்பார்கள். சுற்றிலும் டிபன் டப்பாக்களுடன் நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுக்கிறவர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துப்புரவு அக்காவும் வந்து நிற்பாள். டீச்சர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். இவர்கள் வாயில் கவளத்தோடு கோரஸ் பாடுவார்கள். எக்ஸ்ரேக்காரர், மூச்சை இழு, பிடி, விடு என்ற மூன்றோடு தன் படிப்பை முடித்துக்கொண்டு பட்டம் வாங்கியவர் போல நடந்தார். லேப் டெக்னீஷியன், ‘கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்’ என்பதை இங்கிலீஷில் கற்றுக்கொண்டு, ஊசியே இல்லாத வேளையிலும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட விடுடி” என்பாள் சமாதானம். சின்னவள் வேகத்தைக் குறைப்பாள். டீச்சர் தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவார். அது அவளுக்குத் தோதாக இருந்தது. வாரங்கள் போகப் போக ஒட்டியிருந்த வாய் திறந்தது. ஒருநாள் வெளிநாட்டு நோயாளி ஒருவர் தண்ணீர் கேட்டபோது, ஏன் இப்போது குடிக்கக் கூடாது, எப்போது குடிக்கலாம் என்று முழுசாக இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். வாசலில் துப்புரவு அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

“சிஸ்டர், நீங்களா பேசினீங்க?”

“பின்னே, என் ஆவியா பேசுச்சு?” என்று சொல்லிவிட்டு, மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தாள். கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு பாடம்தான் அவளுக்குச் செரிக்கவில்லை. பயந்திருக்கும் நோயாளியிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள் என்றார் பச்சைச் சட்டை டீச்சர். தொடுவதற்கு முன்னால் தொடலாமா என்று கேளுங்கள். எதை நினைத்து அதிகமாகக் கவலைப்படுகிறார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

சமாதானத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இந்தம்மா ஆஸ்பத்திரி வாசலையாவது மிதிச்சிருக்காங்களா? பயந்து நடுங்குறவன்கிட்டப் போய் உனக்கு என்னப்பா பயம்னு கேட்டா, அவன் எழுந்து ஓடிற மாட்டானா?” என்றாள் போனைப் பார்த்து. டியூட்டி ரூம் மொத்தமும் அவள் பக்கம் நின்றது. அந்த வீடியோவைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் போட்டார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு வீட்டில் அவளுக்கு நோயாளியாக அமைந்தவர் கணவர். டவுன் பஸ் கண்டக்டர். விடுமுறை நாட்களில் சாயங்காலம் கூடத்துக் கட்டிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் யெஸ், நோ, பெயின். அவசரத்துக்கு ‘வெரி பெயின்’. ஆனால் நடிப்பில் ஒரு குறையும் வைக்க மாட்டார். ஒருநாள் அவர் போட்ட கூச்சலைக் கேட்டுப் பக்கத்துப் போர்ஷனிலிருந்து நாத்தனார் வெந்நீர்ப் பையும் கையுமாக ஓடிவந்துவிட்டாள்.

“என்னண்ணா ஆச்சு? எங்க வலிக்குது?”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உன் அண்ணிக்குத்தான் பரீட்சை.”

நாத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டு வெந்நீர்ப் பையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

முதல் தேர்வு நாளில் அவள் நல்ல தைரியத்தோடுதான் போனாள். சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். அவர்தான் தேர்வாளர், அவரேதான் நோயாளியாகவும் நடிப்பார். நாளைக்கு ஆபரேஷன், இன்றைக்குப் பயம். இதுதான் அவளுக்குக் கிடைத்த அட்டையில் எழுதியிருந்தது. படித்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். தினமும் செய்கிற வேலையைக் கொடுத்துவிட்டு இதற்கு ஒரு பரீட்சையா என்று தோன்றியது.

அந்த மனிதர் பயந்தவர் மாதிரிக் கையைப் பிசைந்தார். அவள் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தாள். ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன், என்னை உங்கள் அக்கா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள் என்று தங்குதடையில்லாமல் இங்கிலீஷில் பொழிந்தாள். அவர் எதையோ சொல்ல வாய் எடுத்தபோதெல்லாம் தட்டிக்கொடுத்து நிறுத்தினாள். வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டு, “முடிச்சுட்டேன்” என்றாள். அந்தக் குரலைக் கேட்டு அவர் அன்றைக்கே ஸ்வீட் வாங்கிவிட்டார்.

முடிவு வந்தபோது அந்த ஸ்வீட்டில் மிச்சம் கூட இல்லை. மொழி, நன்று. உச்சரிப்பு, பரவாயில்லை. நோயாளியின் கவலையைக் கேட்கவில்லை. பேச விடவில்லை. உறுதி சொல்ல முடியாததை உறுதியாகச் சொன்னார். தேறவில்லை.

இங்கிலீஷில் தோற்றிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். வயசாகிவிட்டது, வாய் வளையவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் தோற்றது ஆறுதல் சொல்வதில். சமையல்காரனைக் கூப்பிட்டு உனக்கு அடுப்புப் பற்ற வைக்கத் தெரியவில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது. மூன்று நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டியூட்டி ரூமில் வீடியோ ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

“அந்த ஆளுக்கு மனுஷங்களைப் பத்தி என்ன தெரியும்? விடு” என்றார் கணவர்.

“மார்க்கு போடறது அந்த ஆள்தானே?” என்றாள்.

இன்னொரு வாய்ப்புதான் பாக்கி. இதுவும் போனால் ஓய்வு பெறுகிற வரைக்கும் சுவரோரம்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க வீம்பு இடம் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் வார்டில் சேர்ந்தார். சர்க்கரை வியாதி, வலது காலில் புண். பாதம் கறுத்துப்போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று சர்ஜன் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஆபரேஷன். தையல்காரர் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகன் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“மிதிக்கிற மிஷின் வேணாம்பா, மோட்டார் வெச்ச மிஷின் வாங்கித் தர்றேன். கால் இல்லாமலே தைக்கலாம்பா” என்று கெஞ்சினான். செயற்கைக் கால் போட்டு நடக்கலாம் என்று சர்ஜன் பொறுமையாக விளக்கினார். சுவர்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சர்ஜனுக்கு அடுத்த ஆபரேஷன் காத்திருந்தது. “சிஸ்டர், உங்க மந்திரத்தைப் போட்டு எப்படியாவது கையெழுத்து வாங்குங்க” என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சமாதானம் கட்டிலோரம் வந்தாள். கை வழக்கம்போலத் தோளுக்குப் போயிற்று, வாயும் திறந்தது. ஆனால் அன்று காலையில் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியவள் அவள்தான். நாளைக்கு இந்த நேரம் அந்தக் கால் இருக்காது. ஒன்றும் ஆகாது என்று எந்த வாயால் சொல்வது? கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்து அவள் செய்ததற்குக் காரணம் கருணை என்று சொன்னால் பொய். வீம்புதான். சரி, அந்தப் பச்சைச் சட்டைக்காரி சொன்னதையே இவரிடம் சொல்லிப் பார்ப்போம், பலிக்காது என்று தெரிந்துபோகும், பரீட்சையாவது மண்ணாங்கட்டியாவது என்று விட்டுவிடலாம். இதுதான் மனசில் ஓடியது.

“அண்ணே, நான் இப்படிப் பக்கத்துல உட்காரலாமா?” என்றாள்.

தையல்காரருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. தலையை லேசாக அசைத்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு எதை நெனச்சா ரொம்பக் கவலையா இருக்கு?”

பதில் இல்லை. மகன் “அது வந்து சிஸ்டர்...” என்று ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். இனி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது அவளுக்குப் பழக்கமே இல்லாத வேலை. வாய் அரித்தது. எதிர்க் கட்டில்காரர் இருமினார். தள்ளுவண்டி ஒன்று போயிற்று. ட்ரிப்ஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலிக்காது, எழுந்துவிடலாம் என்று அவள் நினைத்தபோது தையல்காரர் சுவரிடம் சொல்வதுபோல மெதுவாகக் கேட்டார்.

“எடுத்த காலை எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. மகனும் எதிர்பார்க்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

“குப்பையிலதானே?” என்று திரும்பிப் படுத்து அவளைப் பார்த்தார். “முன்ன ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி பார்த்தேன். நாய் எதையோ வாயில கவ்விக்கிட்டு ஓடுச்சு. என்னன்னு பக்கத்துல போய்ப் பார்க்கல. ஆனா அதுலேர்ந்து அதே ஞாபகம். இந்தக் காலாலதாம்மா மூணு பிள்ளைங்களை வளர்த்தேன். மிதிச்சு மிதிச்சே வளர்த்தேன். இது போகட்டும், போறதுல எனக்கு வருத்தம் இல்ல. நாய் வாய்க்குப் போறதுன்னா, நான் இதோடவே போய்ச் சேர்ந்துடறேன்.”

இத்தனை வருஷ வேலையில் எத்தனை கால்கள், எத்தனை விரல்கள். மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வைப்பார்கள். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சும்மா ஏதாவது சொல்லி அவரைத் தேற்றிவிடலாம். அது அவளுக்குக் கைவந்த கலை.

“தெரியலண்ணே” என்றாள். அந்த வார்த்தை நாக்கில் புதுசாக இருந்தது. “போய் விசாரிச்சுட்டு வந்து சொல்றேன். நான் வர்ற வரைக்கும் நீங்க கையெழுத்துப் போட வேணாம்.”

தியேட்டர் அட்டெண்டரைப் பிடித்தாள். அவர் கையைக் காட்டிய இடத்துக்குப் படியிறங்கிப் போனாள். பின்பக்கம் பூட்டு போட்ட கம்பிக் கதவுள்ள அறை. பொறுப்பாளர் பூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே குளிர்பெட்டி. அதிலிருந்து மூடிய வண்டியில் ஏற்றி உலைக்குப் போகும், அங்கே முழுக்க எரித்துச் சாம்பலாக்கிவிடுவார்கள். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் அவர்களிடமே அடக்கம் செய்யக் கொடுப்பதும் உண்டு. “யாரும் கேட்கறதில்ல சிஸ்டர்” என்றார் பொறுப்பாளர். “கேட்கலாம்னே யாருக்கும் தெரியாது.” அவள் பூட்டை ஒருமுறை தானே இழுத்துப் பார்த்துவிட்டு மேலே ஏறினாள்.

பார்த்ததை ஒன்றுவிடாமல் தையல்காரரிடம் சொன்னாள். பூட்டைச் சொன்னாள், கம்பிக் கதவைச் சொன்னாள், உலையைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“எரிச்சுடட்டும்” என்றார் கடைசியில். “நீங்க கண்ணால பார்த்தீங்கல்ல? அது போதும். வலிக்குமாம்மா?”

“வலிக்கும்ணே. மரத்துப்போக மருந்து கொடுப்போம், அப்புறமும் கொஞ்ச நாள் வலிக்கும். இல்லாத காலு இருக்கிற மாதிரியே கூட வலிக்கும். அப்படி வலிச்சா சொல்லுங்க, மனசுக்குள்ள வெச்சுக்காதீங்க. காலைல நான் டியூட்டியிலதான் இருப்பேன்.”

அவர் கையை நீட்டினார். “எங்க போடணும் கையெழுத்து?”

தாளை வாங்கிக்கொண்டு அவள் மருந்து அறைக்குப் போனாள். சந்தோஷமும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றாள். தன் மந்திரத்தைக் கேட்டுக் கம்மென்று படுத்த அத்தனை பேரையும் நினைத்தாள். அவர்களில் எத்தனை பேர் தேறிப் படுத்தார்களோ, எத்தனை பேர் இனிச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று படுத்தார்களோ! கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். தள்ளிவிட்ட பாடத்தைத் தேடிப் போட்டாள். வேகத்தைக் குறைக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலமே வீட்டில் மறுபடி கட்டில் போட்டாயிற்று.

“உங்களுக்கு எதை நெனச்சா ரொம்பக் கவலையா இருக்கு?” என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுக் கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்ன கேட்கிறே?”

தமிழில் சொன்னாள்.

“சில்லறை இல்லாம ஏறுறவங்களை நெனச்சாத்தான்” என்றார் யோசிக்காமல். அவள் சிரிக்கவில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் துண்டை அவிழ்த்தார், கட்டினார், மின்விசிறியைப் பார்த்தார். “ஏய், ஏதாவது பேசேன். இப்படிப் பார்த்தா எனக்கு நெஜமாவே ஏதோ வியாதி இருக்கிற மாதிரி தோணுது” என்றார். அப்புறமும் அவள் பேசவில்லை. கடைசியில், முழங்கால் கொஞ்ச நாளாகவே வலிக்கிறது என்றும், பஸ்ஸில் நின்றுகொண்டே இருக்கும் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து சொல்லாமல் இருந்ததாகவும் மனிதர் தானாகவே ஒப்புக்கொண்டார். மறுநாள் அவரை எக்ஸ்ரேக்காரரிடம் நிறுத்தினாள். எக்ஸ்ரேக்காரர் முழங்காலுக்கும் சேர்த்து மூச்சை இழு, பிடி, விடு என்று இங்கிலீஷில் சொல்லி ஆசையைத் தீர்த்துக்கொண்டார். பெரிதாக ஒன்றும் இல்லை, பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று தெரிந்தது.

இரண்டாவது தேர்வில் நோயாளியாக நடித்தவர் ஒரு பெண். மூச்சுத் திணறல் நோயாளி, வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று அடம். சமாதானம் உட்காரலாமா என்று கேட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றே சோதிக்கிறாரோ என்னவோ, மேஜையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பரீட்சை அறையில் மௌனம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நேரம் போகிறதே, கற்ற இங்கிலீஷ் எல்லாம் உள்ளேயே கிடக்கிறதே என்று தவித்தாள். ஆனாலும் தையல்காரரிடம் காத்திருந்ததுபோலவே காத்திருந்தாள்.

ஒருவழியாக அந்தப் பெண் பேசினார். பேசி முடித்து, “நான் பிழைத்துவிடுவேனா?” என்று நேராகவே கேட்டார்.

“எனக்குத் தெரியாது” என்றாள் சமாதானம் இங்கிலீஷில். “தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றதை டாக்டரிடம் உங்களோடு வந்து நானும் கேட்கிறேன்.”

வெளியே வந்தவுடன் கணவர் போன் செய்தார். “நல்லாப் பேசினியா?”

“பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.”

“சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு மார்க்கு உண்டா?”

“தெரியல” என்றாள். இந்தத் தடவை ஸ்வீட் வாங்க வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

முடிவு வந்த அன்று பகல் டியூட்டி முடிகிற நேரம். சின்னவள்தான் முதலில் பார்த்துக் கத்தினாள். டியூட்டி ரூமே குதித்தது. லேப் டெக்னீஷியன் இங்கிலீஷில் வாழ்த்து சொல்ல வந்து, பதற்றத்தில் ‘கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்’ என்றார். மேட்ரன் கையைப் பிடித்துக் குலுக்கி, “மேல் மாடி சாவி உங்ககிட்டத்தான்” என்றார். நோயாளியைப் பேச விட்டதற்குத்தான் அதிக மதிப்பெண் என்று தாளில் போட்டிருந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாத சந்தோஷம்.

போனில் சொல்ல மனசு வரவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மற்ற பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு, கணவரின் பஸ் வரும் வரைக்கும் நின்று ஏறினாள். கூட்டத்தில் பிதுங்கி அவரிடம் போய்ச் சேர்ந்தாள்.

“பாஸ்” என்றாள்.

அவருக்கு விசில் வாயில் இருந்தது. சந்தோஷத்தில் ஒரே ஊதாக ஊதிவிட்டார். பஸ் நடு ரோட்டில் நின்றது. டிரைவர் திரும்பி, “யாருய்யா எறங்கறது?” என்று சத்தம் போட்டார்.

“யாரும் எறங்கல, அண்ணே! என் பொண்டாட்டி பாஸ்! இங்கிலீஷ்ல ஆஸ்பத்திரியையே நடத்தப் போறா!”

பஸ் முழுக்கக் கைதட்டல். யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். “கத்தாதீங்க, மானம் போகுது” என்றாள். ஆனால் உட்கார்ந்து தலையை நிமிர்த்திக்கொண்டதைப் பார்த்தால் மானம் போகிறவள் மாதிரித் தெரியவில்லை.

பக்கத்து இருக்கையில் மடியில் ஸ்கேன் கவரோடு ஒரு பெண். சமாதானத்தின் வயசுதான் இருக்கும். அவள் கைதட்டவில்லை. வெள்ளை யூனிபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க நர்ஸாம்மா?” என்றாள் தணிந்த குரலில். “எனக்கு நாளைக்கு ஆபரேஷன். ஒண்ணும் ஆகாதுல்ல?”

சமாதானம் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு எதை நெனச்சா ரொம்பக் கவலையா இருக்கு?” என்றாள்.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பின்னாலிருந்து ஒருவர் எந்தப் பரீட்சை, என்ன சம்பளம் என்று உரக்க விசாரித்தார். முன்னால் இரண்டு பேர் போனில் பாட்டு வைத்தார்கள். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“கொஞ்சம் சத்தம் போடாம இருங்க எல்லாரும்” என்றார். “என் பொண்டாட்டி கேட்டுக்கிட்டு இருக்கா.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் பாட்டை நிறுத்தினார்கள். பஸ் மெதுவாகப் போயிற்று. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். சமாதானம் இறங்க வேண்டிய வீட்டு நிறுத்தம் வந்தது, கண்டக்டர் மனைவியைப் பார்த்தார், விசில் ஊதவில்லை.